ஏணியா, ரயிலா

பிப்ரவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் அக்காவும் நலமா? உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா? நாள் முழுக்க நின்றபடி அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் இடுப்பு என்னதான் செய்யும்? கடையில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடு என்று எத்தனை தடவை சொல்வது.

ஞாயிறு மலர் பார்த்தாயா? நமக்குப் பிடித்த ராக் பேண்ட் கலைந்து பத்து வருஷம் ஆகிறதாம். அதற்காக ஒரு மேதாவி உட்கார்ந்து நாலு ஆல்பத்தையும் தரம் பிரித்திருக்கிறான். முதலிடம் 'ரயில்'. இரண்டாமிடம் 'ஏணி'. அட்டைப் படத்தை வைத்து நாம் கூப்பிடுகிற பெயர்களைத்தான் அவனும் எழுதியிருக்கிறான், நம்மிடமிருந்துதான் பரவியிருக்க வேண்டும். ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழாததுதான் மிச்சம். மூன்றாவது ஆல்பம் 'ஏணி'. அதற்குப் பிறகு அவர்கள் செய்தது எல்லாம் சாப்பிட்ட கையைக் கழுவுகிற வேலை. அந்த ஆள் நீதானோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

உன் தங்கை நாலு நாள் என்று சொல்லிவிட்டு அங்கே வந்து பத்து நாளாகிறது. அவள் மழைக்கோட்டு இங்கேயே கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன்.

உன்
லிஃப்ட்

---

பிப்ரவரி 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடுப்பு பரவாயில்லை. ஸ்டூல் வாங்கினேன், அதில் வாடிக்கையாளர் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். என் தங்கையை நீ கட்டியதும் உன்னை 'நீங்கள்' என்று மரியாதையாகக் கூப்பிடச் சொன்னார்கள் வீட்டில். கடிதத்தில் யார் பார்க்கப்போகிறார்கள், நீ நீதான்.

ஞாயிறு மலரில் எழுதியவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். 'ஏணி'யில் என்ன இருக்கிறது? பத்தொன்பது நிமிஷத்துக்கு ஒரே பாட்டு. அது முடிவதற்குள் ஒரு ஜோடி லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டி ஆளை அனுப்பிவிடலாம். 'ரயில்' அப்படியில்லை. ஊசியை வைத்த நொடியே உன்னை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒன்றில் மட்டும் நமக்குள் சண்டை இல்லை: இரண்டாவது ஆல்பம் 'பட்டம்' கடைசிதான். அதைப் போய் அவன் மூன்றாமிடத்தில் வைத்திருக்கிறான், பாவம்.

தங்கச்சிப் பாப்பா நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். "இருக்கட்டும்ணா" என்றாள். என் வீட்டுக்காரி என்னைத் தனியே கூப்பிட்டு, "நாலு நாளைக்கு வர்றவ மருத்துவமனையில வேலை பார்த்த சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் பெட்டியில வெச்சுக் கொண்டு வருவாளா?" என்று கேட்கிறாள்.

என்ன செய்தாய்?

உன்
கண்ணாடி

---

பிப்ரவரி 22

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அக்காவுக்கு என் வணக்கம்.

நான் ஒன்றும் செய்யவில்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்குமே? ஒரு வார்த்தை சொல்லாமல் போனது அவள். பெட்டியோடு படியிறங்கும்போது "நாலு நாள்" என்றாள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் இடத்தில் அவள் டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கிறது. நானும் நிமிர்த்தவில்லை. வரட்டும், வந்து அவளே நிமிர்த்தட்டும்.

பத்தொன்பது நிமிஷம் உட்கார முடியாதவனுக்கு 'ஏணி' எதற்கு? நீ லென்ஸைத் தேய். போன ஞாயிறுகூட இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை, உன் தங்கைக்கே தெரியும். அவள் ஞாயிறு டியூட்டி முடிந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும்போது 'ஏணி' அட்டை பிளேயர் மேல் நின்றுகொண்டிருக்கும். இரண்டாம் பக்கத்தில் தாடிக்காரன் கிதாரைக் கீழே வைத்துவிட்டு அவனே புல்லாங்குழல் ஊதுகிறானே, அதற்கு ஈடாக உன் 'ரயி'லில் ஒன்று காட்டு. ஹாரன் சத்தத்தைத் தவிர.

'பட்டம்' பற்றிப் பேச்சே வேண்டாம். அது பல் முளைக்காத பிள்ளைகளுக்கு.

அவளை எப்போது அனுப்புகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் இஷ்டம்.

உன்
லிஃப்ட்

---

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா?

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுப் படித்தேன். எப்போதும் அப்படித்தான், பாதி வேடிக்கைக்கு. 'ஒரு ஞாயிறு தவறியதில்லை' என்ற இடம் வந்ததும் பாப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அரை மணி நேரம் கழித்துத்தான் வாய் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அக்டோபரில் அவளுக்கு வேறொரு ஊர் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. பரிசோதனைக் கூடம் முழுக்க அவள் பொறுப்பு. போகட்டுமா, கூட வருவீர்களா, வேண்டாமா என்று கேட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கையில் எடுக்கிற இடத்தில் வைத்திருக்கிறாள். நீங்கள் படித்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல், அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறீர்கள். ஒரு தடவை இல்லை. வாரா வாரம். பதினைந்து வாரம்.

"வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்ணா. ஒண்ணுமே சொல்லல. நான் ஒரு ஆளே இல்லன்னு ஆயிடுச்சு" என்றாள். என் தங்கை அழுது நான் பார்த்தது எங்கள் அப்பா போன அன்றைக்கு. அதற்குப் பிறகு இப்போதுதான்.

ஏப்ரல் முதல் தேதி அங்கே சேர வேண்டும். தனியாகப் போவதாக எழுதிப் போட்டுவிட்டாள். இனி பாட்டைப் பற்றி நமக்குள் என்ன பேச்சு இருக்கிறது?

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்

---

மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். அதற்கு நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

என்ன கடிதம்? என்ன வேலை? சத்தியமாக எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டு நின்றானோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் கையில் எடுப்பது எதெது என்று பட்டியல் போட்டுத் தேடினேன். சவரக் கண்ணாடியின் பின்புறம். ஷூ பாலிஷ் டப்பா. ஞாயிறு மலர் கட்டு முழுவதையும் ஒவ்வொரு தாளாக உதறினேன். கருவிப் பையைத் தரையில் கொட்டினேன். பிளேயர் மூடியைக் கழற்றினேன். ரெக்கார்டு உறைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை, மச்சான்.

நான் படிக்கவே இல்லை. படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? அவளிடம் கெஞ்சிக் கேள், எங்கே வைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். டம்ளரை நிமிர்த்திவிட்டேன் என்றும் சொல்.

உன்
லிஃப்ட்

---

மார்ச் 16

மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இந்தத் தடவை நான் படித்துக் காட்டவில்லை. அவளே கேட்டு வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. எனக்கும் மனசு லேசானது. 'ரெக்கார்டு உறைக்குள்கூட' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். திரும்பப் படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "உறைக்குள்ள பார்த்தாராம், ஒண்ணும் இல்லையாம். இதுக்கு மேல என்ன இருக்கு? எனக்கு டிக்கெட் எடுத்துக் குடுங்கண்ணா" என்றாள். என்ன அர்த்தம் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "அவருக்குத் தெரியும்" என்பதோடு சரி.

நான் யாரை நம்புவது? ஒரு பக்கம் நீ சத்தியம் செய்கிறாய். பொய்யில் நீ கெட்டிக்காரன் இல்லை, சீட்டாட்டத்திலேயே உன் முகம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு பக்கம் அவள். இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருந்தால் லென்ஸ் போட்டுச் சரி செய்யலாம். இதற்கு என்ன போடுவது?

டிக்கெட் எடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி காலை எட்டு மணி ரயில்.

கண்ணாடி

பின்குறிப்பு: கோபம் வேறு, புல்லாங்குழல் வேறு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'ஏணி'யில் புல்லாங்குழல் வாசிப்பது தாடிக்காரன் இல்லை. வெளியிலிருந்து கூட்டிவந்த ஆள். ரெக்கார்டைச் சுற்றியிருக்கும் உள்தாளில் கீழே பொடி எழுத்தில் பெயர் இருக்கிறது. நீதான் வாராவாரம் எடுக்கிறாயே, பார்த்து எழுது.

---

மார்ச் 22

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்.

புல்லாங்குழல் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. உள்தாளைப் பார்த்தேன். வேறு ஆள் பெயர்தான் போட்டிருக்கிறது.

உன்
லிஃப்ட்

---

மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

உடம்பு சரியில்லையா? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

உன்னைத் தெரிந்து பதினோரு வருஷம் ஆகிறது. நீ 'நீ சொன்னதுதான் சரி' என்று எழுதி நான் பார்த்ததில்லை. பேசிக்கூடக் கேட்டதில்லை. ஜெயித்த சந்தோஷமே எனக்கு இல்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் பேந்தப் பேந்த விழித்தேன். ஒரு அம்மாவுக்குத் தூரப் பார்வைக்குப் பதிலாகக் கிட்டப் பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பி, தெருமுனை வரை ஓடிப் போய் வாங்கிவந்தேன்.

என் வீட்டுக்காரி சொல்கிறாள்: "இவ்வளவு லேசா விட்டுக்குடுக்கறவரு எதையோ மறைக்கறாரு." பாப்பா கார்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டு வரிதான், அதைப் பத்து நிமிஷம் பார்த்தாள். "உள்தாளை எடுத்தாரா? இப்பத்தான் எடுத்தாரா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். துணி காயப்போட வந்தேன் என்கிறாள். எங்கள் வாசலில் கொடியே கிடையாது.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுதித் தொலை. இல்லை, கிளம்பி வா.

உன்
கண்ணாடி

---

ஏப்ரல் 4

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் எனக்கு வந்தது முப்பதாம் தேதி பத்து மணிக்கு. எட்டு மணி ரயில் போயிருக்கும். ஆனால் தபாலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு அதற்கு முன்பே எட்டு நாள் இருந்தது.

அக்டோபரில் அவள் எழுதிய கடிதம் 'ஏணி'யின் உறைக்குள் இருந்தது. உன் மூக்கை உடைக்க வேண்டும் என்று புல்லாங்குழல்காரன் பெயரைத் தேடித்தான் உள்தாளை இழுத்தேன். அதோடு சேர்ந்து வந்து விழுந்தது. நாலாக மடித்த ஒரே தாள்.

எழுதியிருந்ததை உனக்குச் சொல்கிறேன், மனப்பாடம் ஆகிவிட்டது. 'நேரில் பேச ஆரம்பித்தால் நீங்கள் "ஆனால்" என்பீர்கள். அப்புறம் நான் பேச வந்தது எனக்கே மறந்துவிடும். அதனால் எழுதுகிறேன். போகட்டுமா, சேர்ந்து போகலாமா, போக வேண்டாமா? எதுவானாலும் சரி, சொல்லுங்கள். சொல்லக் கஷ்டமாக இருந்தால் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி இங்கேயே வையுங்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.' தாளின் மடிப்பு நைந்துபோயிருக்கிறது, மச்சான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுத்துப் பின்பக்கம் பார்த்திருக்கிறாள். வெறும் தாள்.

பதினைந்து ஞாயிறு அது என் கண்ணில் எப்படிப் படவில்லை? இப்போது சொல்கிறேன், சிரித்துக்கொள்.

நான் 'ஏணி'யைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை. அட்டையை எடுத்துப் பிளேயர் மேல் நிற்கவைப்பேன், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று. உள்ளே தட்டில் சுற்றுவது 'பட்டம்'. ஆமாம், அந்தப் 'பட்டம்'தான். பல் முளைக்காத பிள்ளைகளின் ஆல்பம். அதுதான் எனக்குப் பிடிக்கிறது. உன் அறையில் எல்லோர் முன்னாலும் அதை நான் கிழித்துத் தோரணம் கட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? நீயும் கைதட்டினாய். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பிடிக்கும் என்று சொல்வது? அதனால் பொய். முதலில் உன்னிடம், அப்புறம் எல்லோரிடமும், அப்புறம் அவளிடமும்.

உறைக்குள் பார்த்தேன் என்று எழுதினேனே, பொய்யில்லை. 'பட்ட'த்தின் உறைக்குள் பார்த்தேன். நான் ஞாயிற்றுக்கிழமை கையை விடுவது அதற்குள்தானே! எந்த உறை என்று உனக்கு எழுதக் கூச்சமாக இருந்தது, எழுதவில்லை. 'ஏணி' அட்டையை வெறும் பொம்மையாக நிற்கவைத்தே பழகிவிட்டதால் அதற்குள் ஏதாவது இருக்கும் என்றே தோன்றவில்லை. அவள் கடிதத்தை என் கையாலேயே வாராவாரம் அலமாரியிலிருந்து பிளேயருக்கும், பிளேயரிலிருந்து அலமாரிக்கும் தூக்கியிருக்கிறேன்.

எட்டு நாள் என்ன செய்தாய் என்று கேட்பாய். எழுதினேன், கிழித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால், ஏன் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். 'ஏணி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னிடம் தோற்க வேண்டும். பெண்டாட்டி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், எனக்கு ஒரு ஆல்பத்தின் மானம் பெரிதாக இருந்திருக்கிறது. உள்தாளைப் பார்த்தேன் என்று உனக்கு எழுதிய அன்றே மிச்சத்தையும் எழுதியிருக்கலாம். கை வரவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பு. நீயும் அக்காவும் படித்த பிறகு அனுப்பினாலும் சரி. மறைக்க இனி என்ன இருக்கிறது.

லிஃப்ட்

---

ஏப்ரல் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முப்பதாம் தேதி நானும் என் வீட்டுக்காரியும் போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் நகரும்போது, "லெட்டர் ஏதாவது வந்தா அனுப்புங்கண்ணா" என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை. யாருடைய லெட்டர் என்று நானும் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன்னை அடிக்க வேண்டும் போல் இருந்தது. இரண்டாம் தடவை படித்துவிட்டு என் பிளேயரைப் போய்ப் பார்த்தேன். அதில் ஊசி ஒடிந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக 'ரயில்' ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை இந்த வீட்டில். ஆனாலும் பிப்ரவரியில் உனக்கு எவ்வளவு நீளமாக எழுதினேன்! என் வீட்டுக்காரி, "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றாள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

அவள் உனக்கு எழுதுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதச் சொல்லப்போவதும் இல்லை. அவளுடைய விலாசம் கீழே.

உன்
கண்ணாடி

---

ஏப்ரல் 25

உங்களுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், கை எழுதிவிட்டது.

அண்ணன் அனுப்பிய கடிதம் வந்தது. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். 'பட்டம்' என்று வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்கு ஜனவரியில்கூட இல்லை.

நீங்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள் என்று நினைத்தபோது, நீங்கள் கெட்டவர், அவ்வளவுதான் என்று இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து படியேறும்போது, 'ஏணி' அட்டை நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்குப் படித்திருப்பார், நாளைக்குப் பதில் இருக்கும் என்று. பதினைந்து தடவை. நீங்கள் ஊருக்குக் காட்ட வைத்த அட்டையை நம்பினது நான் ஒருத்திதான்.

எனக்கும் ஒரு பங்கு உண்டு. வாயால் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் 'ஆனால்' என்பீர்கள் என்று பயந்தேன். அண்ணனும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததில் எனக்குப் பேச்சே வராமல் போய்விட்டது. இங்கே கூடத்தில் ஆறு பேர் என் கீழ் வேலை செய்கிறார்கள். நான் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். முதல் நாள் அது எனக்கே விசித்திரமாக இருந்தது.

அக்டோபரில் நான் கேட்ட கேள்வி முடிந்துபோயிற்று. நான் வந்துவிட்டேன், திரும்பிவரப்போவதில்லை. இப்போது கேள்வி ஒன்றே ஒன்று. மருத்துவமனைக்கு எதிரில் ஒரு வீடு காலியாகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வருகிறீர்களா, இல்லையா? வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் பார்க்கலாம். அவ்வளவுதான் என்னால் இப்போது சொல்ல முடியும்.

இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். மூன்று பக்கம் வேண்டாம்.

பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்து தெரியும்தானே.

---

மே 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அக்காவுக்கு என் வணக்கம். உன் பிளேயருக்கு ஊசி ஒன்று இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன், முதலில் அதை எடுத்துக்கொள்.

பெட்டியில் இருப்பது என் ரெக்கார்டுகள் எல்லாம். 'ஏணி'யை மேலேயே வைத்திருக்கிறேன். 'ரயில்'தான் பெரிது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா? தருகிறேன். 'பட்ட'த்தை மட்டும் என்னோடு எடுத்துக்கொண்டு போகிறேன், அட்டையோடு. அந்த ஊரில் நாலு கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் ரயில்.

அவள் தாளின் பின்பக்கம் எழுத எனக்கு ஒரு சொல்தான் தேவைப்பட்டது. 'வருகிறேன்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அவ்வளவு பெரிய வெற்றுத்தாள் கிடக்கிறது. ஏதாவது எழுத வேண்டும் போல் கை துறுதுறுத்தது. விளக்கம் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. உறைத்ததும் கூசிப்போய்விட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'நாலில் உனக்கு எது பிடிக்கும்?'

கல்யாணமாகி ஏழு வருஷம், மச்சான். நம் சண்டை நடந்த அத்தனை நாளும் அவள் அதே அறையில்தான் இருந்தாள். நீ அவளுக்கு அண்ணன், நான் புருஷன். நம் இரண்டு பேரில் ஒருத்தன் கேட்டோமா?

எட்டு நாள் பதில் இல்லை. அந்த எட்டு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு நானும் வாசலில் போய் நின்றேன். என் வாசலிலும் கொடி கிடையாது. ஒன்பதாம் நாள் ஒரு கார்டு வந்தது. எது என்றும், ஏன் என்றும் நாலு வரியில் எழுதியிருக்கிறாள். வேலை பார்க்கும் இடத்தில், மெஷின் அறையில் தரையில் உட்கார்ந்து படித்தேன். கீழே யாரோ லிஃப்ட்டுக்காக மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எது என்று உனக்கு எழுத மாட்டேன். அவள் விலாசம் உன்னிடம் இருக்கிறது, நீயே எழுதிக் கேள். அவள் சொல்வாள். சொன்ன பிறகு 'ஆனால்' என்று மட்டும் தொடங்காதே.

உன்
லிஃப்ட்